ஆளுக்கு ஒரு நோட்டு

ரிட்டயர் ஆகப்போறவங்க கிட்ட எல்லாரும் ஒரே அட்வைஸ் தான் சொல்றாங்க, இனிமே ரெண்டு பேரும் சேந்து ஏதாவது பண்ணுங்க, சேந்து வாக்கிங் போங்க, சேந்து கோயிலுக்கு போங்க, சேந்து உக்காந்து டிவி பாருங்கன்னு. எனக்கு 66 வயசு, எங்க வீட்டுக்காரருக்கு 71. கோத்தகிரி பக்கம் வீடு. நான் சொல்லப்போறது இதுக்கு கொஞ்சம் மாறானது. எல்லாத்தையும் சேந்தே பண்ணிட்டா ராத்திரி சாப்பிட உக்காரும்போது பேச என்னங்க மிச்சம் இருக்கும்? ஆளுக்கு ஒரு விஷயம் தனியா இருக்கணும், அதுல அவங்கவங்க தினமும் ஏதாவது புதுசா தெரிஞ்சுக்கணும், அதை வீட்ல இன்னொருத்தர் கிட்ட வந்து சொல்லணும். எங்க ரெண்டு பேரையும் இந்த வயசுலயும் சலிப்பில்லாம வெச்சிருக்கறது இதுதான்னு நான் முழுசா நம்பறேன்.

அவருக்கு மழை, எனக்கு பறவை.

அவர் டீ ஃபேக்டரில டீ மேக்கரா இருந்தவரு. பகல் ஷிப்ட் ராத்திரி ஷிப்ட்னு காலம் பூரா டீ இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டற சி.டி.சி மிஷின் சத்தத்துக்குள்ளயே ஓடிடுச்சு. நான் ஆரம்பப்பள்ளி டீச்சர். பசங்களை வளத்தது, லோன் கட்டினது, மாமியாரை பாத்துக்கிட்டதுன்னு அந்த வருஷங்கள்ல நாங்க பேசினதெல்லாம் வேலையைப் பத்தின பேச்சு தான், கேஸ் புக் பண்ணியாச்சா, ஃபீஸ் கட்டியாச்சா, இப்படி. ரிட்டயர் ஆனப்புறம் அந்தப் பேச்சும் குறைஞ்சு போச்சு. இது எங்க வீட்ல மட்டும் இல்ல, எனக்கு தெரிஞ்ச நிறைய வீட்ல இதே கதை தான், அவர் ஒரு ரூம்ல போனோட, அவங்க ஒரு ரூம்ல போனோட.

எஸ்டேட்ல எல்லாம் மழை அளக்கறது ரொம்ப பழைய பழக்கம். ஆபீஸ் பக்கத்துல ரெயின் கேஜ் இருக்கும், காலைல ஒருத்தர் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதுவாரு, அந்தக் காலத்து ஆளுங்க இஞ்ச், சென்ட் கணக்குல தான் சொல்வாங்க, நேத்து நாப்பது சென்ட் மழைன்னா ஒரு இஞ்ச்ல நூத்துல நாப்பது பங்கு, நம்ம கணக்குல சுமார் 10 மி.மீ. அந்தப் பழக்கத்துல தான் அவரு ஒரு பிளாஸ்டிக் ரெயின் கேஜ் வாங்கி தோட்டத்துல கம்பு நட்டு வெச்சாரு. தினமும் காலைல எட்டரைக்கு பாத்து ஒரு நோட்டுல எழுதுவாரு, வானிலைத்துறையும் அந்த நேரம் தான் எடுக்கறாங்க, அதனால நம்ம அளவை அவங்க அளவோட வெச்சு பாக்கலாம். 1 மி.மீ மழைன்னா ஒரு சதுர மீட்டர் இடத்துல ஒரு லிட்டர் தண்ணி விழுந்திருக்குன்னு அர்த்தம், இதை அவரு சொன்னப்புறம் எங்க கூரைல இருந்து எவ்வளவு தண்ணி தொட்டிக்கு வரும்னு நானே கணக்கு போட்டு பாத்தேன். காசு குடுத்து வாங்கணும்னு கூட இல்லைங்க, வாயும் அடியும் ஒரே அகலத்துல நேரா இருக்கற கண்ணாடி ஜாடி ஒண்ணு, உள்பக்கம் தட்டையான அடி, வெளிய ஒரு ஸ்கேல் ஒட்டிட்டா போதும், தோராயமா அளக்க ஆரம்பிச்சிடலாம்.

ஸ்கூல்ல நான் எத்தனையோ பசங்களுக்கு தென்மேற்கு பருவமழை, வடகிழக்கு பருவமழைன்னு நடத்தியிருக்கேன், ஆனா இவரு நோட்டு போட ஆரம்பிச்சப்புறம் தான் அது எங்க மலையில எப்படி பிரிஞ்சு விழுதுன்னு உடம்புல உறைச்சது. ஆடி மாசம் கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் எல்லாம் கொட்டித் தீக்கும், அதே நாள் எங்க பக்கம் காத்தும் மூடுபனியும் தூறலும் தான், எங்களுக்கு முக்கிய மழை ஐப்பசி கார்த்திகைல கிழக்குல இருந்து வர்றது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 911 மி.மீ பதிவாச்சு, அன்னிக்கு எங்க கேஜ்ல பாத்தா அதுல ஒரு சின்ன பங்கு கூட இல்ல. அதுவே 2009 நவம்பர்ல கேத்தில ஒரே நாள்ல 820 மி.மீ, அப்ப எங்க பக்கம் தான் மண்சரிவு, ரோடு போச்சு, நிறைய உசுரு போச்சு, அந்த மழையை பாத்தவங்க யாரும் மழையை சும்மா பாத்துட்டு இருக்க மாட்டாங்க. இப்ப பக்கத்துல டீ வெச்சிருக்கற படுகர் வீட்டு தம்பி உரம் போடறதுக்கு முன்னாடி வேலிக்கிட்ட நின்னு "அண்ணா, நேத்து எவ்ளோ?"ன்னு கேட்டுட்டு தான் போவாப்ல. ஒரு ரிட்டயர் ஆன மனுஷனை ஒருத்தர் தகவலுக்காக தேடி வர்றாங்கன்னா அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு கூட இருந்து பாக்கற எனக்கு தான் தெரியும்.

என் பக்கம் பறவை. எனக்கு அப்பவே கண்புரை ஆரம்பிச்சிருந்தது, தூரத்துல இருக்கறது மங்கலா தான் தெரியும், அதனால நான் காதால தான் கத்துக்க ஆரம்பிச்சேன். செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி இதெல்லாம் வீட்டு வாசல்லயே. சீகாரப் பூங்குருவின்னு ஒண்ணு, மழைக்காலத்துல விடியறதுக்கு முன்னாடி ஓடைப் பக்கம் இருந்து பாடும், ஸ்கூல் பையன் ஒருத்தன் ராகம் தெரியாம விசிலடிச்சுட்டு போற மாதிரியே இருக்கும். பட்டியல் போடற முறை ரொம்ப சுலபம், ஒரே இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்தது கேட்டது எல்லாத்தையும் எழுதி இ-பேர்ட்னு பறவை பட்டியலுக்குன்னே இருக்கற இணையதளத்துல ஏத்தணும், அவ்வளவு தான். பொங்கல் சமயத்துல நாலு நாள் தமிழ்நாடு முழுக்க இப்படி கணக்கெடுக்கறாங்க, பிப்ரவரில உலகம் முழுக்க நடக்கறது ஒண்ணு இருக்கு, ரெண்டுலயும் யார் வேணா வீட்டு மொட்டை மாடில இருந்தே சேரலாம், வயசு, படிப்பு எதுவும் கேக்க மாட்டாங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு நோட்டும் மேஜைக்கு வந்துடும், டிவி அதுக்கப்புறம் தான். இதுல ஒரே ஒரு கட்டுப்பாடு, கேக்கறவங்க சும்மா "ம்ம்"னு கேட்டுட்டு போகக் கூடாது, பதில் தெரியாத ஒரு கேள்வியாவது கேக்கணும். இந்த பழக்கம் எங்களுக்கு நிறைய குடுத்திருக்கு. கரும்சாம்பல் வாலாட்டி ஒண்ணு இமயமலைப் பக்கமிருந்து வருஷா வருஷம் எங்க ஓடைக்கு வரும், வாலை மேலயும் கீழயும் ஆட்டிட்டே இருக்கும், செப்டம்பர் வாக்குல நான் அதோட முதல் குரலை எழுதுவேன். ஒரு நாள் அவரு "அது வந்து எத்தனை நாள் கழிச்சு நம்ம பக்கம் கிழக்கு மழை புடிக்குது?"ன்னு கேட்டாரு. எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பழைய வருஷம் எல்லாம் எடுத்து பாத்தோம், பெருசா ஒரு கணக்கும் அதுல சிக்கல, வாலாட்டி ஏறக்குறைய ஒரே சமயத்துல வருது, மழை தான் வருஷத்துக்கு வருஷம் முன்னப் பின்ன ஆகுது. பதில் கிடைக்காட்டியும் அன்னிக்கு ராத்திரி நாங்க தூங்கப் போக ரொம்ப நேரமாச்சு. அந்த வயசு மனுஷன் கண்ணாடியை நெத்தில தூக்கி விட்டுக்கிட்டு தேதியை விரல் வெச்சு தேடறதை பாக்க எனக்கு அவ்வளவு பிடிச்சுது.

இப்ப காது விஷயம். இதை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆர்வம் குறையறதா நாம நினைக்கறது பல வீட்ல உண்மைல காது குறையறது தான். வயசாகும்போது முதல்ல போறது மெல்லிசான, உச்சத்துல இருக்கற சத்தம். மிஷின் சத்தத்துல வேலை பாத்தவங்களுக்கு அது இன்னும் சீக்கிரம். ஆம்பளைக் குரல் கேக்கும், பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும் தெளிவா கேக்காது, ச, ஸ, ஃப மாதிரி எழுத்தெல்லாம் விழுந்துடும், அதனால பேசறது காதுல விழும் ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியாது. அவங்க திரும்பத் திரும்ப என்னன்னு கேக்க கூச்சப்பட்டு பேசாம இருந்துடுவாங்க, வீட்ல இருக்கறவங்க இவருக்கு எதுலயும் அக்கறை இல்லன்னு நினைச்சுப்பாங்க. லான்செட்ங்கற மருத்துவ இதழோட ஆணையம் 2024ல வெளியிட்ட அறிக்கைல மறதி நோய் வர்ற வாய்ப்பை கூட்டற, ஆனா நாம மாத்திக்கக்கூடிய 14 காரணங்களை சொல்லியிருக்காங்க, அதுல காது கேக்காம போறது, பார்வை குறையறது, யார் கூடவும் பழகாம தனிச்சு இருக்கறது, உடம்பை அசைக்காம இருக்கறது எல்லாமே இருக்கு.

அதனால அறுபது தாண்டினா ஒரு ஆடியோகிராம் எடுத்துடுங்க, வலிக்காது, ஒரு ரூம்ல உக்கார வெச்சு ஹெட்போன்ல சத்தம் குடுத்து கேக்குதான்னு பாப்பாங்க. காது மிஷின் வாங்கினா முதல் நாளே பிடிக்காது, குக்கர் விசில், பாத்திரம் சத்தம் எல்லாம் மண்டைக்குள்ள அடிக்கும், மூளை பழகறதுக்கு சில வாரம் ஆகும், அதுக்குள்ள கழட்டி டிராயர்ல போட்டுடக் கூடாது. எங்க மாதிரி மலைல இருக்கறவங்களுக்கு இன்னொரு விஷயம், மூடுபனி ஈரத்துல மிஷின் சீக்கிரம் கெட்டுப் போகும், ராத்திரி பேட்டரி மூடியை திறந்து சிலிக்கா ஜெல் போட்ட மூடின டப்பாக்குள்ள வெச்சிடணும், ஜெல் நிறம் மாறினா மாத்திடணும். வருமானம் குறைவா இருக்கற 60 வயசுக்கு மேல்பட்டவங்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாங்கற மத்திய அரசு திட்டத்துல காது மிஷின், கண்ணாடி, கைத்தடி எல்லாம் இலவசமா குடுக்கறாங்க, முகாம் போடும்போது விசாரிச்சு வெச்சுக்கோங்க. கூட இருக்கறவங்க செய்ய வேண்டியது, அடுப்படில இருந்து கத்தாம நேர்ல போய், மொகம் பாத்து, முதல்ல கூப்பிட்டு அவர் திரும்பினப்புறம் பேசணும். சத்தமா பேசறதை விட நிதானமா பேசறது தான் புரியும்.

எங்க வீட்டுக்காரரும் காது மிஷின் போட்டிருக்காரு, அப்படியும் அவருக்கு சில பறவை குரல் இன்னும் கேக்காது. சோலைக்குள்ள கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு சின்ன ஈப்பிடிப்பான் இருக்கு, நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையை விட்டா வேற எங்கயும் கிடையாது, அது குரல் அவ்வளவு சன்னம். மெர்லின்னு ஒரு ஆப், அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்து பறவை ஆய்வுக்கூடம் இலவசமா குடுக்கறது, போனை நீட்டினா சுத்தி கேக்கற சத்தத்தை கோடு கோடா திரைல வரைஞ்சிட்டே வரும், கீழ கனமான சத்தம், மேல போகப் போக மெல்லிசு. ஒரு தடவை லாங்வுட் சோலை ஓரத்துல நான் "கேக்குதுங்க, இப்ப, இப்ப"ன்னு சொல்றேன், அவருக்கு ஒண்ணும் இல்ல, போனை பாத்தா திரையோட மேல் விளிம்புல மெல்லிசா சின்னச் சின்ன கீறல் விழுந்துட்டே போகுது. "இதுவா? இவ்வளவு மேலயா?"ன்னு கேட்டுட்டு அந்தக் கீறலையும் புதரையும் மாத்தி மாத்தி பாத்தாரு. அப்புறம் புதருக்குள்ள ஆரஞ்சா ஒண்ணு அசைஞ்சதை முதல்ல பாத்தது அவரு தான், என் கண்ணுக்கு அது தெரியவே இல்ல. அந்த சோலை 2024ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேந்திருக்கு, கோத்தகிரி ஊருக்கு குடிதண்ணி ஊறற இடம், போறதா இருந்தா வனத்துறைல அனுமதி வாங்கிட்டு போங்க, மழைக்காலத்துல அட்டைக்கடிக்கு தயாரா போங்க.

உடம்பு முடியாம போகும்போது இன்னொருத்தரோட நோட்டு நின்னு போகாம பாத்துக்கணும், இது நாங்களா கண்டுபிடிச்சது. அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனது சரியா ஐப்பசி மழை நேரம். ஈரப் படில இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எட்டரை மணிக்கு குடை புடிச்சுட்டு நான் தான் போவேன், கட்டில்ல இருந்து ஜன்னல் வழியா குரல் வரும், "கண்ணு மட்டத்துக்கு குனிஞ்சு பாரும்மா, தண்ணி ஓரத்துல ஏறியிருக்கும், நடுவுல குழிஞ்சிருக்கும், அந்தக் குழியோட அடிதான் அளவு". வீட்டுக்குள்ள வந்து எண்ணை சொன்னா உடனே "கீழ்வளைவு தானே பாத்தே?"ன்னு இன்னொரு தடவை கேட்டுட்டு தான் எழுதுவாரு. பிசியோதெரபிக்கு வலிக்குதுன்னு மொகம் சுளிக்கற மனுஷன், சீக்கிரம் நானே போய் பாக்கணும்னு தான் அந்த காலை மடக்கி நீட்டினாரு.

எனக்கு கண்புரை ஆபரேஷன் பண்ணப்போ தலைகீழ். கண்ணுல தண்ணி படக்கூடாது, குனியக்கூடாது, வேளை தவறாம சொட்டு மருந்து. அவரு வாசல்ல உக்காந்து பாத்ததை எல்லாம் பேர் தெரியாம எழுதிட்டு வருவாரு, "கொண்டை கறுப்பு, கன்னத்துல செவப்பு, வாலுக்கு அடிலயும் செவப்பு", நான் படுத்துட்டே செம்மீசைச் சின்னான்னு சொல்வேன். கட்டு பிரிச்சப்புறம் ஒரு அதிசயம், புரையோட மஞ்ச நிறம் போனதால நீலம் எல்லாம் அப்படியே பளிச்சுன்னு தெரிய ஆரம்பிச்சது, பங்குனில ஊதா கலந்த நீலப்பூ விடற ஜக்கரண்டா மரம் பூத்தப்போ நான் ரோட்டோரம் நின்னுட்டே இருந்தேன், இந்த நிறமா இத்தனை வருஷமும் இருந்துச்சு இதுக்குன்னு. புரை ஆபரேஷனை பயத்துல தள்ளிப் போடறவங்களுக்கு இதை கண்டிப்பா சொல்லுங்க.

ஒருத்தர் சொன்ன கதையையே சொல்றாங்கன்னு அலுத்துக்கறவங்களும் இருக்காங்க. கதையை நிறுத்தச் சொல்லாதீங்க, அதுக்குள்ள போய் இதுவரைக்கும் கேக்காத ஒரு கேள்வி கேளுங்க. அவரு ஃபேக்டரி கதை சொல்லிட்டு இருந்தப்போ ஒரு நாள் நான் கேட்டேன், ஃபெர்மென்ட் ஆனது போதும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும், கடிகாரம் பாத்தா? அவரு எந்திரிச்சே உக்காந்துட்டாரு. "கடிகாரத்தை நம்பினா கெட்டுச்சு, ஒரு நாள் பனி, ஒரு நாள் வெயில், இலை ஒரே மாதிரியா இருக்கும்?" அரைச்ச இலைல முதல்ல பச்சை வாசனை அடிக்குமாம், அது போய் ஒரு பழ வாசனை எழும்புமாம், நிறம் பச்சைல இருந்து செம்புக்கு திரும்பும், அந்த வாசனை உச்சத்துல இருக்கும்போதே டிரையருக்கு தள்ளிடணும், விட்டா புளிப்பு தட்டிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கைப்பிடி இலையை அள்ளி மூக்குக்கிட்ட வெச்சு மோந்து பாத்து நின்ன ஒருத்தரை அன்னிக்கு தான் நான் மனசுல பாத்தேன். அந்த காலத்துல ஷிப்ட் முடிஞ்சு வந்தா தூங்கத்தான் நேரம் இருந்துச்சு, இதெல்லாம் பேச எங்க?

தனித்தனியா போறதுக்கும் பழகிக்கணும். அவருக்கு கூட்டம் ஆகாது, மே மாசம் ஊட்டி மலர் கண்காட்சிக்கோ குன்னூர் சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்கோ வரமாட்டேன்னா வரமாட்டேன் தான், நான் பழைய டீச்சர்ங்களோட பஸ் ஏறிடுவேன். எனக்கு மெஷினுங்க மேல ஈடுபாடு இல்ல, அவரு குன்னூர் ஸ்டேஷன்ல போய் மேட்டுப்பாளையத்துல இருந்து ரயில் ஏறி வர்றதை பாத்துட்டு வருவாரு, நடுவுல பல்சக்கரம் தண்டவாளத்தை கவ்விப் பிடிக்க, இஞ்சின் பின்னாடி இருந்து தள்ளி மேல ஏத்தறதை வீட்ல வந்து தட்டும் கரண்டியும் வெச்சு காட்டுவாரு. குறிஞ்சிக்கு மட்டும் சேந்து தான். 2006ல பாத்தோம், 2018ல பாத்தோம், அடுத்து 2030. எல்லா குறிஞ்சியும் பன்னெண்டு வருஷம் இல்ல, அந்த இனத்துல பல வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கணக்கு, நீலக்குறிஞ்சி தான் பன்னெண்டு, ஒரு தடவை பூத்து விதை போட்டுட்டு செடி செத்துடும். இப்பவே அது பூத்த சரிவுல போய் முளைச்ச செடி எவ்வளவு உசரம் வந்திருக்குன்னு பாத்துட்டு வர்றோம், முட்டி ஆபரேஷனுக்கு அவரு சம்மதிச்சதுக்கு இந்த 2030ம் ஒரு காரணம்.

மலைல இருக்கறவங்களுக்கு சுருக்கமா, விடியறதுக்கு முன்னாடியும் இருட்டினப்புறமும் நடக்க போகாதீங்க, காட்டுமாடும் கரடியும் நடமாடற நேரம் அது, காட்டுமாடு ஒத்தையா நின்னா வழி மாறிப் போயிடுங்க. பாசி வழுக்கும், நல்ல கிரிப் இருக்கற ஷூ, கைத்தடி, விசில், பாக்கெட்ல வீட்டு நம்பர் எழுதின சீட்டு. மூடுபனி இறங்கிட்டா அது விலகற வரைக்கும் நின்ன இடத்துலயே நில்லுங்க.

இந்த மாசம் வீட்ல ஓடிட்டு இருக்கற பேச்சு பேரிக்காய் மரத்தைப் பத்தி. கேஜ்க்கு பக்கத்துல இருக்கற மரமோ சுவரோ எவ்வளவு உசரமோ அதைப்போல குறைஞ்சது ரெண்டு மடங்கு தூரத்துல கேஜ் இருக்கணும், இல்லன்னா காத்தடிக்கும்போது மழை மறைஞ்சு அளவு குறையும். மரம் வளந்துடுச்சு, அவரு டேப் புடிச்சு அளந்து பாத்து மேல்கிளையை வெட்டணுங்கறாரு. அந்தக் கிளைல தான் வெள்ளைக்கண்ணி கூட்டம் காலைல வந்து உக்காருது, நான் விடறதா இல்ல. கேஜை வேலி ஓரத்துக்கு மாத்தலாம், ஆனா இடம் மாத்தினா இத்தனை வருஷ அளவோட புது அளவு ஒத்துப்போகுமான்னு அவருக்கு கவலை, அதுக்கு நான் சொன்ன வழி, இன்னொரு கேஜ் வாங்கி ரெண்டு இடத்துலயும் ஒரு பருவம் முழுக்க அளந்து பாத்துடலாம்னு. அவரு யோசிச்சிட்டு இருக்காரு, ஐப்பசிக்குள்ள முடிவு பண்ணியாகணும்.